பதின்மூன்றாவது தளபதியின் கோட்டு

ராணுவத் தலைமையகத்தின் தையல் அறைக்கு அந்த உறை ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. விழாப் பிரிவு அதிகாரி தாமே அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மழை வரும்போல இருக்கிறது, வராதுபோலவும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உறையின்மேல் பெயர் இல்லை. 13 என்ற எண் மட்டும் இருந்தது.

மாஸ்டர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். அந்த அறையில் முப்பத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிற தலைமைத் தையற்காரர் அவர். பன்னிரண்டாவது தளபதி மாடியில் திடகாத்திரமாக உட்கார்ந்திருந்தார். போன வாரம்தான் மாஸ்டர் அவருடைய கால்சட்டைக்கு இடுப்பில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்திருந்தார். தளபதி ஓய்வு பெற இன்னும் ஒரு வருடமும் நான்கு மாதமும் பாக்கி இருந்தது.

உறைக்கு ஒரு வரலாறு உண்டு. நாடு சுதந்திரம் வாங்கிய காலையில், கிளம்பிப்போன வெளிநாட்டுத் தளபதி தன் கோட்டையே கழற்றி நம் முதல் தளபதிக்குப் போட்டுவிட்டுப் போனார். போனவர் ஆறடி, வந்தவர் ஐந்தடி மூன்று. புகைப்படத்தில் முதல் தளபதிக்குக் கை இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புதுத் தளபதி பதவி ஏற்கும் முன்பே அவர் அளவில் புதுக் கோட்டு தயாராக இருக்கவேண்டும் என்று அன்றைக்கே விதி எழுதினார்கள். மூன்றாவதாகப் பதவிக்கு வரவிருந்த ஒருவர், கோட்டு தைக்கக் கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்து, அந்தப் பெருமையாலேயே பதவியை இழந்தார். அதிலிருந்து உறையில் பெயர் எழுதுவதில்லை. எண்ணும் அளவுகளும் மட்டுந்தான்.

அந்தக் கோட்டுக்குள் வந்து போனவர்களைத் தலைமையகத்துச் சுவரில் படம் படமாக மாட்டியிருக்கிறார்கள். முதலாமவர் எல்லையைப் பார்த்துக்கொண்டார். நாலாமவர் அமைச்சர்களைப் பார்த்துக்கொண்டார். ஆறாமவர் தேர்தலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவர் காலத்துக்குப் பிறகு, தளபதியின் கையெழுத்து இல்லாமல் நாட்டில் மழைகூடப் பெய்யாது என்று சொல்லும் அளவுக்கு அந்த நாற்காலி வளர்ந்துவிட்டது. படங்களுக்குக் கீழே தேதிகள் இருக்கின்றன. யார் எப்படிப் போனார்கள் என்பது எந்தப் படத்துக்குக் கீழேயும் இல்லை.

மாஸ்டர் உறையைப் பிரித்தார். பெயர் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று விதி எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்களில் தையற்காரன் ஒருவனும் இல்லை. வலது தோள் இடது தோளைவிட ஒன்றேகால் அங்குலம் இறக்கம். வலது கை முக்கால் அங்குலம் நீளம். அந்தத் தோள் துணைத் தளபதியுடையது. இளம் வயதில் குதிரையிலிருந்து விழுந்து இறங்கிய தோள். பதினோரு வருடமாக அந்தத் தோளுக்குள் கூடுதல் பஞ்சு வைத்து, பார்க்கிறவர் கண்ணுக்குச் சமமாக்கிக் கொடுப்பவர் மாஸ்டர்தான். துணைத் தளபதியின் மனைவிக்குப் பிறகு அந்தத் தோளை நன்றாக அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே.

சீட்டின் அடியில் ஒரு வரி இருந்தது. கோட்டு வியாழன் காலை எட்டு மணிக்குள் துணைத் தளபதியின் அலுவலகத்தில் இருக்கவேண்டும்.

மாஸ்டர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். இப்படி ஒரு உறையை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டன் துளைக்கு வெறும் காஜா போடுகிறவராக இருந்த காலத்தில், எட்டு என்று எழுதிய உறை வந்தது. ஏழாமவர் அப்போது நன்றாகத்தான் இருந்தார். கோட்டு தைத்து அனுப்பிய பன்னிரண்டாம் நாள் அவருடைய ஹெலிகாப்டர் மலையில் மோதியது. பனிமூட்டம் என்று விசாரணை சொன்னது. தையல் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று மட்டும் அப்போதைய வெட்டுக்காரர் சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

அன்றைக்கு மாஸ்டருக்கு அது யாரோ பெரிய மனிதர்களின் விவகாரம். இன்றைக்கு அப்படி இல்லை. பன்னிரண்டாவது தளபதியின் காரை ஓட்டுவது அவருடைய மாப்பிள்ளை. ஒரே மகளின் கணவன். மனைவி போன பிறகு மாஸ்டர் அவர்களோடு ராணுவக் குடியிருப்பில்தான் இருந்தார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, இந்த வாரம் வெளிவேலை ஏதாவது உண்டா என்று மாப்பிள்ளையிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆற்றுப் பாலம் தாண்டி பீரங்கிப் பயிற்சி மைதானத்துக்குப் போகவேண்டும் என்றார் மாப்பிள்ளை. மாஸ்டருக்குத் தட்டில் இருந்தது அதற்குமேல் இறங்கவில்லை.

அந்த மூன்று நாளும் அவர் கை கோட்டைத் தைத்தது, மனம் வேறு கணக்குப் போட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லலாம். சொன்னால் அவர் அடுத்த நிமிடம் தளபதியிடம் போய் நிற்பார். தளபதியைத் தகப்பனாக நினைக்கிற ஆள். தளபதி கேட்பார்: உங்க மாமாவுக்கு எப்படித் தெரியும்? தோளை வைத்துத் தெரியும் என்றால் சிரிப்பார். சிரித்துவிட்டு அதைத் துணைத் தளபதியிடமே வேடிக்கையாகச் சொல்வார். அப்புறம் மாஸ்டரின் குடும்பம் இருந்த இடத்தில் புல் முளைக்கும். கோட்டைத் தாமதப்படுத்தினால் என்ன என்றும் யோசித்தார். காஜா முடியட்டும் என்று குண்டு காத்திருக்குமா?

கடைசியில் பயம் பிடித்த மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பானோ அதையே அவரும் தேர்ந்தெடுத்தார். தளபதி எப்படியாவது போகட்டும். தன் வீட்டு ஆள் மட்டும் அந்தக் காரில் இருக்கக்கூடாது. இதை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானமே கோட்டு முடிந்துவிட்டது. வலது தோளில் பஞ்சு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தைத்தவற்றிலேயே நல்ல கோட்டு அதுதான். பாழாய்ப்போன கை, அது மட்டும் பொய் சொல்லாது.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மாப்பிள்ளை ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கும்போது, மாஸ்டர் மார்பைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் சரிந்தார். மகள் அலறவில்லை. ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வண்டிப் பிரிவுக்குப் போன் போட்டு, மாமாவுக்கு நெஞ்சு வலி, இரண்டு மணி நேரம் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார். அவருக்குப் பதிலாக ஒட்டகம் போனார்.

ஒட்டகம் என்பது ஆறடி நான்கங்குல உயரமுள்ள ஒரு டிரைவர். அரசாங்கம் கொடுக்கிற எந்தக் கால்சட்டையும் அவருக்குக் கணுக்காலைத் தொட்டதில்லை. மாதத்துக்கு ஒரு கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு வருவார். "மாஸ்டர், மேல இருந்து கொஞ்சம் வெட்டிக் கீழ ஒட்டுங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே நகைச்சுவைதான். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் சிரிப்பார். யார் பதிலுக்குப் போவார்கள் என்பதை மட்டும் அந்த மூன்று நாளில் அவர் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ராணுவ மருத்துவமனையில் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த இளம் டாக்டர், இதயம் குதிரைபோல ஓடுகிறது, ஒன்றுமே இல்லை என்றார். அவர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேஜையிலிருந்த மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சத்தம் ஆற்றுப்பக்கமிருந்து வந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மாஸ்டரின் மனம் முதலில் சொன்னது. ஒட்டகத்தின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தான் போயிருக்கவேண்டிய வண்டி, தான் போயிருக்கவேண்டிய வண்டி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு எல்லா டிவியிலும் துணைத் தளபதி புதுத் தளபதியாக வந்தார். நாட்டுக்கு ஆறுதல் சொன்னார், கண் கலங்கினார், கொலைகாரர்களை விடமாட்டேன் என்றார். தெருவில் கூடியிருந்தவர்கள் பரவாயில்லை, ஒருவர் இருக்கிறார் என்று பெருமூச்சு விட்டார்கள். ஜனங்கள் கோட்டைத்தான் நம்புகிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் நின்று பார்த்த மாஸ்டரின் கண் முதலில் போனது தோளுக்கு. இரண்டு தோளும் நூல் பிடித்ததுபோல் சமமாக இருந்தன. தன் கண்ணைத் தோண்டி எறியலாம்போல இருந்தது அவருக்கு.

நாலாம் நாள் ராணுவப் போலீஸ் வீட்டுக்கு வந்தது. அதன் தலைவரே வந்திருந்தார். குட்டையாக, கழுத்தே இல்லாமல், சத்தம் போடாமல் நடக்கிற மனிதர். தலைமையகத்தில் அவருக்குப் பூனை என்று பெயர். அவர் கையில் அந்த இளம் டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது. இதயத்தில் கோளாறு இல்லை. தினமும் தளபதியோடு போகிற டிரைவர், குண்டு வெடித்த அந்த ஒரு நாள் மட்டும், மாமாவுக்கு இல்லாத நோயைச் சொல்லி லீவு போட்டிருக்கிறார். கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்த நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாஸ்டர் தோண்டியது கிணறு. கிளம்பியது பூதம்.

அவர்கள் மாப்பிள்ளையின் கையைப் பின்னால் கட்டினார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்.

"மாமா, அன்னிக்கு உங்களுக்கு நெஜமாவே வலிச்சுதா?"

பக்கத்தில் பூனை நின்றிருந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வலிச்சுது மாப்பிள்ளை" என்றார் மாஸ்டர்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். மாமா பொய் சொல்லமாட்டார் என்று நம்பி வண்டியில் ஏறினார்.

அடுத்த வாரம் மாஸ்டரைப் புதுத் தளபதியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கோட்டில் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாம். காலில் விழுந்து கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அவர் போனார். ஆள்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தளபதி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டார். மாஸ்டர் குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காலரைப் பிரித்தார்.

"நெஞ்சு வலி இப்ப எப்படி இருக்கு மாஸ்டர்?" என்றார் தளபதி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

மாஸ்டரின் விரல் நின்றுவிட்டது.

"யாருக்கும் தெரியாத வேலைன்னு நினைச்சேன். சீட்டுல என் பேரு இல்ல. ஆனா நீங்க தோளைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டீங்க. இல்லையா?"

மாஸ்டர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தப்பு தன்னுடையது, தன்னை எடுத்துக்கொண்டு அவரை விடுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தார். தளபதி பொறுமையாகக் கேட்டார். உங்களைப் பிடித்துப் போடுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை, ஆனால் இந்தத் தோளை வேறு யார் மறைப்பார்கள் என்று சிரித்தார். ஜனங்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்றும், அந்த ஆளாக இப்போதைக்கு உங்கள் மாப்பிள்ளை இருக்கட்டும் என்றும், சந்தையில் காய் பொறுக்குகிறவர் குரலில் சொன்னார். பிறகு திரும்பி நின்றார்.

"தூக்குல போடாம நான் பார்த்துக்கறேன். ரெண்டு மூணு வருஷத்துல வெளிய விட்டுடலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். இன்னொரு கவர் வந்தா, மொதல்ல எனக்குத் தெரியணும்."

தனக்கு வழி திறந்த கதவு இன்னொருவனுக்கும் திறக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் சரி என்றார். வேறு என்ன சொல்வார்? அன்றைக்கு அவர் காலரைத் தளர்த்தின இடத்தில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

மாப்பிள்ளைக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நான் நலம், மாமாவின் நெஞ்சு வலி எப்படி இருக்கிறது, குளிரில் வெளியே போகவேண்டாம் என்று சொல்லு. ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரி இருந்தது. மகள் உரக்கப் படிப்பாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தையல் அறையின் அலமாரியில், நீளம் கூட்டி இஸ்திரி போட்ட கால்சட்டை ஒன்று கேட்பாரில்லாமல் கிடந்தது. ஒட்டகத்தின் மனைவி வாங்க வரவில்லை. மாஸ்டருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியமில்லை.

மாதம் ஒருமுறை தளபதி ஏதோ ஒரு பட்டனைச் சாக்காக வைத்துத் தையல் அறைக்கு வருவார். எல்லாரும் வெளியே போனதும், "ஏதாவது வந்துச்சா?" என்பார். இல்லைங்கய்யா என்பார் மாஸ்டர். அது உண்மையாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பார். ஒவ்வொரு முறையும் தளபதி, நன்றாக இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்பார்.

இரண்டாவது வருடம் முடியும்போது கடிதம் நின்றது. அடுத்த மாதம் ஒரு ராணுவப் போலீஸ்காரர் வந்து, ஒரு காகிதத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியைக் கொடுத்தார். பெட்டியில் ஒரு சட்டை, ஒரு சீப்பு, அவள் எழுதிய கடிதங்கள் இருந்தன. அடக்கம் செய்துவிட்டார்களாம். காகிதத்தில் காரணம் எழுதியிருந்தது. மாரடைப்பு. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. அப்படியானால் கடைசியாக வந்த நாலைந்து கடிதங்களை எழுதியது யார்? மகள் அவற்றை எடுத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆவன்னாவின் சுழி வேறாக இருந்தது. இத்தனை நாளும் அவரைவிட நன்றாக எழுதுகிற யாரோ மாமாவின் நெஞ்சு வலியை விசாரித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மாஸ்டர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். உறை, தோள், பொய் வலி, குண்டூசியோடு நின்று செய்த ஒப்பந்தம். அவள் கண்ணீர் விடாமல் கேட்டாள். சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. அவர் தளபதிகிட்ட சொல்லியிருப்பாரு. செத்திருந்தாலும் காரணம் தெரிஞ்சு செத்திருப்பாரு."

அதற்குமேல் அவள் அந்த விஷயத்தைப் பேசவில்லை. வழக்கம்போல அவருக்குச் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள். அப்பா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று.

ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, விழாப் பிரிவு அதிகாரி ஒரு உறையை மேஜைமேல் வைத்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். 14.

மாஸ்டர் பிரித்துப் பார்த்தார். உயரம் ஐந்தடி நான்கு. இடுப்பு நாற்பத்தாறு. காலருக்கு இடமே இல்லாத கழுத்து. யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூனை. மாப்பிள்ளையின் கையைப் பின்னால் கட்டியவர். சிறைச்சாலையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஆசை யாரை விட்டது? கோட்டு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வேண்டுமாம்.

நல்லவர் யாரோ வரப்போகிறார் என்றெல்லாம் மாஸ்டர் ஏமாறவில்லை. பேய்க்குப் பதில் பிசாசு. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துணியை விரித்து வெட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் தளபதி வந்தார். பதவி சுகத்தில் வயிறு வைத்திருந்தது, கோட்டின் நடுப் பட்டன் இழுத்தது. ஆள்கள் வெளியே போனார்கள். மேஜைக்கு அடியில், பழந்துணி மூட்டைக்குப் பின்னால், பதினான்காவது கோட்டு கையும் காலரும் கூட்டப்பட்டு, காஜா மட்டும் பாக்கியாகக் கிடந்தது. மாஸ்டர் குனிந்து இடுப்பில் டேப்பைச் சுற்றினார். தளபதியின் ஷூ அந்த மூட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

"ஏதாவது வந்துச்சா மாஸ்டர்?"

"என் மாப்பிள்ளை எப்படி இருக்காருங்கய்யா?"

"நல்லா இருக்காரு. போன வாரம்கூட விசாரிச்சேன். அடுத்த வருஷம் வெளிய வந்துடுவாரு."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் வரலைங்கய்யா" என்றார். "நடுப் பட்டனை மட்டும் தள்ளி வெச்சுத் தர்றேன். சனிக்கிழமை வாங்கிக்கலாம்."

தளபதி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாசலில் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த புது டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தார். இளைஞர். ஜன்னலில் மாஸ்டர் நிற்பதைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அவர் கால்சட்டையின் ஓரம் ஒரு பக்கம் தையல் விட்டுத் தொங்கியது. கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் பெயரை மாஸ்டர் இதுவரை கேட்டதில்லை. இனிமேல் கேட்கப்போவதும் இல்லை. அவர் ஜன்னலைச் சாத்தினார். மூட்டைக்குப் பின்னாலிருந்து கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு காஜா போட உட்கார்ந்தார்.